கண் மஞ்சளாகாதவர்களைப் பற்றி

கேள்வி: டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, ஏ.எல். படிக்கிறான். முதலில் காய்ச்சலும் சத்தியுமாக இருந்தது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் கண்டு இன்றோடு 10 நாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து ‘ஏ’ வகைச் செங்கமாரி என்றார்கள். எஸ்.ஜி.பி.ரி. 1,840, பிலிருபின் 9, ஐ.என்.ஆர். 1.1 என்று துண்டில் இருக்கிறது. மருந்து ஒன்றும் தராமல் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து, கட்டார் போக மெடிக்கல் செய்த என் தம்பிக்கு (31) ‘பி பொசிட்டிவ், அன்ஃபிட்’ என்று வந்துவிட்டது. அவனுக்குக் கண்ணில் மஞ்சளும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை. இரண்டும் ஒரே வருத்தம், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருக்கிறது என்று மாமி (68) சொல்கிறா. இருவருக்கும் தட்டு, கோப்பை வேறாக்கிவிட்டோம். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். மீன், எண்ணெய், மஞ்சள்தூள் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. தம்பியின் மனைவி (26) 5 மாதக் கர்ப்பிணி. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடவா? என் சின்ன மகளுக்கு 9 வயது, அவளுக்கும் வருமா? தம்பி கூடாத இடத்துக்குப் போயிருப்பான் என்று ஊரில் கதைக்கவும் தொடங்கிவிட்டார்கள். எங்கள் அம்மா நாலு வருடத்துக்கு முன் ஈரலில் கட்டி வந்து 58 வயதில் காலமானா. ஒரு சொட்டுக் குடித்தவ இல்லை. அதனால் ஈரல் என்றாலே எனக்குக் கை கால் ஓடவில்லை. மகனுக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மகனைப் பற்றியது. தம்பிக்குச் சில வரி. அம்மாவுக்குப் போகிற போக்கில் ஒரு வரி. எனக்கோ அந்தக் கடைசி வரியில் கண் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். மகனின் கதை நல்லபடி முடியக்கூடிய கதை, அதை முதலில் முடித்துவிடுவோம்.

செங்கமாரி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது வைத்தியருக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் வயது போய் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வெளிவரும். அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புவது ஈரலின் அன்றாட வேலை. ஈரல் நொந்தாலோ பித்தக்குழாய் அடைபட்டாலோ அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணில் மஞ்சளாகத் தெரியும், சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போகும். இப்படி மஞ்சள் வருவதற்கு வைரஸ் காரணமாக இருக்கலாம். கசிப்பு, அளவுக்கு மிஞ்சிய பனடோல், எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல்லும் காரணமாகலாம். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயலில் இறங்கி வேலை செய்த ஒருவர் கண் சிவந்து, கெண்டைக்கால் நோவோடும் விடாத காய்ச்சலோடும் மஞ்சளாகி வந்தால் நான் முதலில் நினைப்பது எலிக்காய்ச்சலைத்தான். அதற்கு உடனே அன்டிபயோட்டிக் வேண்டும். ‘செங்கமாரிதானே’ என்று பத்தியம் காத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும். ஆகவே மஞ்சளைக் கண்டதும் கேட்க வேண்டியது, என்ன மருந்து என்பதற்கு முன்னால், எதனால் வந்த மஞ்சள் என்பது.

உங்கள் மகனுக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ‘ஏ’ வைரஸுக்கு எதிராக உடம்பு புதிதாக உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்ற பிறபொருளெதிரி அவன் இரத்தத்தில் இருந்திருக்கும். அதை வைத்துத்தான் ‘ஏ’ என்று சொல்லியிருப்பார்கள். இனி அந்தத் துண்டில் உள்ள எண்களைப் பார்ப்போம். எஸ்.ஜி.பி.ரி. சாதாரணமாக ஏறக்குறைய 40க்குள் இருக்கும். 1,840 என்றதும் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கும். ஆனால் ஈரல் கலங்கள் உடைந்து அந்த நொதி இரத்தத்தில் கொட்டியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ‘ஏ’ வகையில் ஆயிரக்கணக்கில் ஏறுவதும் சில வாரத்தில் இறங்குவதும் வழமை. நான் முதலில் தேடும் எண் ஐ.என்.ஆர். இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஈரல்தான் செய்கிறது. வேலை நின்றால் இந்த எண் ஏறும், 1.5ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்போம். மகனுக்கு 1.1. ஈரல் நொந்திருக்கிறது, வேலையை விடவில்லை.

மருந்து தராமல் அனுப்பிவிட்டார்கள் என்று நீங்கள் குறைப்படுவது விளங்குகிறது. கையில் ஒரு குளிசைப் பை இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நமக்கு வைத்தியம் நடந்தது போலவே இருக்காது. ஆனால் ‘ஏ’ வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை, தேவையும் இல்லை. உடம்பே அதைத் துரத்திவிடும். அது நாட்பட்ட நோயாக மாறுவதில்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது. எந்த மருந்தும் தராமல் அனுப்பிய அந்த வைத்தியர் சரியாகச் செய்திருக்கிறார்.

அவனுக்கு வேண்டியது சாப்பாடு. மீனை ஏன் நிறுத்தினீர்கள்? ஈரல் தன்னைத் திருத்திக்கொள்ளப் புரதம் வேண்டும். மீன் சொதி, முட்டை, பருப்பு, மோர் எல்லாம் கொடுங்கள். ஓங்காளம் இருக்கிறவரை எண்ணெய்ப் பொரியல் அவனுக்கே பிடிக்காது, அதனால் குறைத்துக்கொள்ளுங்கள். விலக்க வேண்டிய விஷம் என்பதற்காக அல்ல. காலையில் பசி கொஞ்சம் நன்றாக இருக்கும், பொழுதுபடப் படக் குறையும். எனவே பெரிய சாப்பாட்டைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். மஞ்சள்தூளை நிறுத்தினால் கண் மஞ்சள் இறங்கும் என்பது நிறத்தை நிறத்தால் விரட்டுகிற கணக்கு. கறிக்குப் போடுகிற அளவு மஞ்சளால் எதுவும் ஆகாது. காய்ச்சல், நோவு என்று கேட்டுக் கேட்டுப் பனடோல் கொடுக்கவேண்டாம். எத்தனை கொடுக்கலாம் என்று அவனைப் பார்க்கிற வைத்தியரிடமே கேளுங்கள்.

இனி நீங்கள் கண் வைத்திருக்க வேண்டியது, கண்ணின் நிறத்தில் அல்ல, பிள்ளையின் புத்தியில். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருக்கிறானா, கேட்ட கேள்விக்குத் தடுமாறிப் பதில் சொல்கிறானா, சத்தி நிற்காமல் போகிறதா, பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிகிறதா? இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம், அந்த இரவே கொண்டுபோங்கள். மிகச் சிலருக்குத்தான் அப்படி ஆகும். இன்னும் சிலருக்குக் குணமாகி வந்த பிறகு சில வாரம் கழித்து மஞ்சள் ஒருமுறை திரும்பிப் பார்க்கும், அல்லது உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு மாதக்கணக்கில் இழுக்கும். அதுவும் அடங்கிவிடும். உடம்பு இடம் கொடுக்கிற அன்று ரியூஷனுக்குப் போகலாம். முழுக்க மஞ்சள் இறங்கும்வரை கட்டிலில் கிடக்கவேண்டிய அவசியமில்லை.

தொற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘ஏ’ வைரஸ் மலத்தோடு வெளியேறி, தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கழுவாத கையிலும் ஏறி வாய்க்கு வருகிறது. உள்ளே போய் வருத்தம் காட்டச் சராசரியாக 28 நாள். மற்றவருக்கு அதிகம் தொற்றுவது மஞ்சள் தெரிவதற்கு முந்திய இரண்டு வாரத்தில். மஞ்சள் கண்டு ஒரு வாரம் போனால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நீங்கள் தட்டைப் பிரித்த நேரம் தொற்ற வேண்டியது ஏறக்குறையத் தொற்றி முடிந்திருக்கும். சின்ன மகளுக்கும் வந்திருக்கலாம். சிறு பிள்ளைகள் பலருக்கு மஞ்சளே தெரியாமல் இரண்டு நாள் சோர்வோடு போய்விடும். தடுப்பூசி இருக்கிறது, தனியார் இடங்களில் கேட்டால் கிடைக்கும். தொற்றாளரோடு பழகி இரண்டு வாரத்துக்குள் போட்டால் பலன் உண்டு. மகன் தொற்றும் நிலையில் இருந்த நாட்களைக் கணக்குப் பார்த்தால் உங்களுக்கு அந்த அவகாசம் அநேகமாகக் கடந்துவிட்டது. ஆனாலும் மகளைப் பற்றி வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தட்டை விட்டுவிட்டுக் கிணற்றைப் பாருங்கள். உப்புவெளி மணல் நிலம். மாரியில் மலக்குழியும் கிணறும் அடியால் கைகோத்துக்கொள்ளும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், மலசலகூடம் போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கையில் தடவுகிற சனிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவு பலிக்காது. வைரஸ் ஈரல் அழற்சி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று என்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வருவார். அவரைக் கண்டு வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வரட்டும், கிணற்றுக்குக் குளோரின் போட்டுத் தருவார். மகனோடு படிக்கிற வேறு யாருக்காவது வந்ததா என்றும் விசாரிப்பார். 2009ல் வவுனியா மெனிக்பாம் முகாம்களில் ‘ஏ’ பெருமளவில் பரவியதைக் கண்டவர்கள் நாம். நெருக்கமும் தண்ணீரும் சேர்ந்தால் அது எப்படிப் பாயும் என்பது நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இதே வழியில் தண்ணீரால் வருகிற இன்னொன்று ‘ஈ’ வகை. அதுவும் பெரும்பாலும் தானாகவே போய்விடும், கர்ப்பிணிகளைத் தவிர. கடைசி மூன்று மாதத்தில் ‘ஈ’ வந்த கர்ப்பிணிகளில் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறந்த பதிவுகள் உண்டு. உங்கள் வீட்டில் வந்திருப்பது ‘ஏ’ என்பதால் இப்போது பயப்பட வேண்டாம். ஆனால் தம்பியின் மனைவிக்கு எப்போதாவது கண் மஞ்சளானால், ‘மகனுக்கு வந்ததுதானே இவளுக்கும்’ என்று ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். கர்ப்பிணிக்கு மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி.

கீழ்க்காய்நெல்லிக்கு வருவோம். எனக்கும் சின்ன வயதில் மூதூரில் செங்கமாரி வந்தது. அம்மம்மா விடியற்காலையில் கீழ்க்காய்நெல்லியை ஆட்டுப்பாலில் அரைத்துத் தந்தா. மூன்று கிழமையில் சுகமாகிவிட்டேன். என்னோடு சேர்ந்து வருத்தம் பிடித்த மச்சான் அதைக் குடிப்பது போலக் காட்டி வாழையடியில் ஊற்றிவிடுவான். அவனுக்கும் மூன்று கிழமைதான். தானாகப் போகிற நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

ஆனாலும் இந்தச் செடியை நான் ஏளனம் செய்யமாட்டேன். ‘பி’ வைரஸை உலகுக்குக் காட்டிய பாருக் புளூம்பெர்க் அதை ஏளனம் செய்யவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்ட புதிய புரதத்தைப் பற்றி அவர் 1965ல் எழுதினார்; அதுதான் ‘பி’ வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்று பிறகு தெரியவந்தது. 1976ல் நோபல் பரிசும் வந்தது. அவரும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து இதே கீழ்க்காய்நெல்லியை ‘பி’ காவிகளுக்கு (வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்கு) கொடுத்துப் பார்த்து 1988ல் வெளியிட்டார்கள். செடியை உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்தது என்று அப்போது எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பல இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கதை அங்கே நிற்கிறது. மகன் குடிப்பதால் கெடுதல் ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டாலும், தம்பி குடித்துவிட்டு ‘மருந்து எடுக்கிறேன்’ என்று கிளினிக்குக்குப் போகாமல் இருந்தால் அதுதான் கெடுதல். பெயர் தெரியாத சூரணம், கசாயம், வீட்டுக்கு வீடு கொண்டுவந்து விற்கிற ‘ஈரல் டொனிக்’ எதையும் இருவருக்கும் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பொட்டலத்தைச் செங்கமாரிக்கென்று சாப்பிட்டுப் புத்தி தடுமாறிய நிலையில் கொண்டுவரப்பட்ட ஒரு கடற்றொழிலாளியை நான் பார்த்திருக்கிறேன். அவர் தேறவில்லை. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கொண்டுவந்தவர்களுக்கும் தெரியாது.

தம்பி விஷயம். மாமிக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: ‘ஏ’யும் ‘பி’யும் ஒரே வீட்டில் தங்கப் பழகிய இரண்டு வேற்று மனிதர் போல. ஈரலில் குடியேறுவது ஒன்றுதான் பொது. ‘ஏ’ வாயால் வரும், ‘பி’ இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். மகனுக்குத் தம்பியால் வரவில்லை, தம்பிக்கு மகனால் வரவில்லை. தம்பியின் தட்டு, கோப்பை, கட்டில் எதையும் பிரிக்கவேண்டாம். சேர்ந்து சாப்பிடலாம், பிள்ளைகளைத் தூக்கலாம். பிரிக்க வேண்டியது சவர அலகும் பல்துலக்கியும் நகவெட்டியும். காய்ந்த இரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். சலூனில் புது அலகு போடச் சொல்வதும், செடில் காவடி எடுக்கிறவர்கள் ஒருவருக்குக் குத்திய முள்ளை அடுத்தவருக்குக் குத்தாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். விரதம் பிடித்திருந்தால் வைரஸ் வராது என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். முள்ளை மாற்றுவதால் விரதம் குறையாது என்று சொல்லி அனுப்பினேன்.

தம்பி எங்கே போனான் என்ற ஊர்க்கதைக்கு அந்தப் பரிசோதனைத் துண்டில் இடமே இல்லை. ‘பி’ எப்போது வந்தது என்று அது சொல்லாது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ‘பி’ தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் சில மாதத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் நூற்றில் 90 பேருக்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். குழந்தையின் உடம்பு அதை அந்நியன் என்று அடையாளம் காணாது. நம் பக்கத்து நாடுகளில் 30 வயதில், ஒரு வருத்தமும் இல்லாமல், மெடிக்கலில் பிடிபடுகிற ஒருவரைக் கண்டால் நான் கேட்பது ‘எங்கே போனாய்’ என்றல்ல. ‘அம்மா எப்படி இருக்கிறா’ என்றுதான் கேட்பேன்.

அம்மாவைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். குடிப்பழக்கம் இல்லாதவ, 58 வயதில் ஈரலில் கட்டி. ஈரல் புற்றுநோய்க்கு உலகில் முதன்மையான காரணங்களில் ஒன்று பல பத்தாண்டுகள் ஈரலில் தங்கிய ‘பி’ வைரஸ். இது ஊகம்தான். கொழுப்பு ஈரல் முற்றியும் அப்படி வரும், வேறு காரணங்களும் உண்டு. அம்மாவின் பழைய கிளினிக் கொப்பி, ஸ்கான், இரத்தத் துண்டு எதையாவது எறியாமல் வைத்திருந்தால் தேடிப் பாருங்கள். அதில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி.’ (மேலே சொன்ன ‘பி’ வைரஸின் மேற்பரப்புப் புரதம்) பொசிட்டிவ் என்ற வரி இருந்தால் தம்பியைப் பற்றிய ஊர்க்கதை அதோடு முடியும்.

இல்லாவிட்டாலும் தம்பி செய்ய வேண்டியது மாறாது. கட்டார் மெடிக்கலில் ‘பி’க்கென்று பார்த்தது அந்த எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஒன்றைத்தான், வைரஸ் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஆறு மாதம் கழித்தும் இருந்தால் நாட்பட்டது என்று பெயர். அதற்காக ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டாம், இப்போதே பொது வைத்தியசாலையில் வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போகட்டும். எஸ்.ஜி.பி.ரி., வைரஸ் எவ்வளவு ஓடுகிறது என்று எண்ணும் டி.என்.ஏ. பரிசோதனை, ‘ஈ’ அன்டிஜன் (இது மேலே சொன்ன ‘ஈ’ வகை நோய் அல்ல, பெயரில் மட்டும் ஒற்றுமை), வயிற்று ஸ்கான், வசதி இருந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கான். இவற்றை வைத்துத்தான் மருந்து வேண்டுமா, பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா என்று முடிவெடுப்பார்கள். ‘பி’ உள்ள எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தம்பியின் விஷயத்தில் அம்மாவின் கதையையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஈரல் புற்றுநோய் இருந்தால் மருந்து தொடங்க அதுவே ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டல் சொல்கிறது.

மருந்து என்றால் ரெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒரு குளிசை. வைரஸை வேரோடு பிடுங்காது, ஆனால் வாயைக் கட்டிவிடும். ஈரல் இறுகுவதும் புற்றுநோய் அபாயமும் குறையும். பல வருடம் குடிக்க வேண்டி வரும். சுகமாக இருக்கிறேன் என்று தானாக நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு திரும்பும், சிலருக்கு அது உயிருக்கே வந்துவிடும். மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கான் தேவையா என்று நிபுணரிடம் கேட்கட்டும். அம்மாவுக்குக் கட்டி வந்ததால் அவன் விஷயத்தில் முந்தியே தொடங்கச் சொல்வார்கள். சாராயம் ஒரு சொட்டும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கதையையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மெடிக்கலில் ‘பி’ இருந்தால் அன்ஃபிட் என்பது அவர்கள் வைத்த விதி. அதற்கும் அவனால் வேலை செய்ய முடியுமா என்பதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அவன் எந்த வேலையும் செய்யலாம், சாப்பாட்டுக்கடையில்கூட. எச்.பி.எஸ்.ஏ.ஜி. தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். எனவே ‘ஊசி போட்டு நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்’, ‘வேறு இடத்தில் மெடிக்கல் எடுத்துத் தருகிறோம்’ என்று வருகிற ஏஜென்சிக்காரனிடம் காணி உறுதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அவனுடைய இரத்தத்தில் ‘சி’யும் பார்த்திருப்பார்கள். 1989ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸ் நம் நாட்டில் அரிது, தடுப்பூசி கிடையாது. ஆனால் இந்த எழுத்துகளில் மருந்தால் முழுக்கக் குணமாகிற நாட்பட்ட நோய் அது ஒன்றுதான்: பெரும்பாலானோருக்கு 12 வாரக் குளிசை, நூற்றில் 95 பேருக்கு மேல் சுகம். ‘டி’ என்பது ‘பி’ இருப்பவரிடம் மட்டுமே ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணி. தேவையென்றால் கிளினிக்கில் பார்ப்பார்கள், நீங்கள் மண்டையைக் குழப்பவேண்டாம்.

தம்பியின் மனைவியை எங்கும் அனுப்பவேண்டாம். அனுப்பவேண்டியது அவளுடைய இரத்தத்தை, இந்தக் கிழமையே. கர்ப்பவதிக் கிளினிக்கில் தம்பியின் ரிப்போட்டை மருத்துவிச்சியிடம் மறைக்காமல் காட்டி எச்.பி.எஸ்.ஏ.ஜி. செய்யச் சொல்லுங்கள். அவளுக்கு ‘பி’ இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி மூன்று முறை: இன்று, ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். கர்ப்பத்திலும் போடலாம். கடைசி ஊசிக்கு ஓரிரு மாதத்தின் பின் எதிர்ப்புச் சக்தி 10க்கு மேல் வந்ததா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை பாவிக்கட்டும். ஒருவேளை அவளுக்கும் ‘பி’ இருந்தால் அழுது முடித்துவிட்டுக் காலெண்டரை எடுங்கள். டி.என்.ஏ. அளவு 2,00,000 அலகைத் தாண்டினால் 28ஆம் வாரத்திலிருந்து ரெனோஃபோவிர் கொடுப்பார்கள். குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஒரு தடுப்பூசியும், அதோடு இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமாக உள்ள பிறபொருளெதிரி) ஊசியும். பிறகு வழமையான 2, 4, 6 மாத ஊசிகள். இவ்வளவும் நேரத்துக்கு நடந்தால் குழந்தைக்குத் தொற்றுவது மிக அரிது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். அவளுக்கு இப்போது 5 மாதம் என்பதால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. பிரசவ அறைக்குப் போன பிறகு தெரியவந்தால்தான் ஓட வேண்டி வரும்.

உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் ‘பி’ ஊசி போட்டிருப்பார்கள். 2003 முதல் அது நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்துவிட்டது. கிளினிக் காட்டை எடுத்துப் பாருங்கள். ஆனால் அந்த முதல் ஊசி 2 மாதத்தில் போடுவது. பிறந்த அன்று தாயிடமிருந்து வந்திருந்தால் அந்த ஊசி பிந்திவிட்டது என்றே அர்த்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். நான் ஊகிப்பது சரியென்றால் தம்பிக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அதே அம்மாவுக்குப் பிறந்த மூத்தவர் நீங்கள். மாமியின் வயது, தம்பியின் வயது, அவன் மனைவியின் வயது, பிள்ளைகளின் வயது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. உங்களுடையது மட்டும் இல்லை. தம்பியின் மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற அன்றைக்கே உங்கள் கையையும் நீட்டி ஒரு எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுத்துவிடுங்கள். ‘இல்லை’ என்று வந்தால் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ‘இருக்கிறது’ என்று வந்தால் தம்பியோடு அதே கிளினிக்குக்குப் போங்கள், பிள்ளைகள் இருவருக்கும் அதே பரிசோதனையைச் செய்யுங்கள், முடிவுகளை எனக்கு எழுதுங்கள். வேறு சகோதரங்கள் இருந்தால் அவர்களுக்கும் இன்றிரவே ஒரு கோல் எடுத்துவிடுங்கள்.